சேதனத் தானிய விஸ்கி: மலையகத்துச் சிறு வடிசாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா பக்கம் சட்டப்படி ஒரு சிறு வடிசாலை தொடங்க நினைப்போரும், அதற்குச் சோளமும் குரக்கனும் விளைத்துக் கொடுக்க விரும்பும் விவசாயிகளும் கேட்கும் கேள்விகள் இவை. விஸ்கி பற்றிய கைநூல்களில் பெரும்பாலானவை கடல்மட்டத்தையும் பார்லியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே உயரம் வேறு, தானியம் வேறு, ஈரப்பதம் வேறு. அந்த எண்களை அப்படியே எடுத்துப் பாவித்தால் பிழையாகிப் போகும்.

பார்லி இல்லாமல் விஸ்கி செய்யலாமா?

செய்யலாம். தானியத்தை நொதிக்கவைத்து, வடித்து, மரப் பீப்பாயில் முதிரவைத்தால் அது விஸ்கி. பார்லி மோல்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) மட்டுமே பாவிக்கவேண்டும் என்பது ஸ்கொட்லாந்தின் மோல்ட் விஸ்கிக்கான விதி. அமெரிக்காவின் போர்பனில் குறைந்தது 51 வீதம் சோளம் இருந்தாகவேண்டும்.

இலங்கையில் பார்லி வணிக அளவில் விளைவதில்லை. இறக்குமதி மோல்ட்டை வாங்கி வடித்து, போத்தலில் மலையகத்தின் பெயரைப் போடுவது எளிது. ஆனால் அப்போது மலையகம் கொடுத்தது தண்ணீரை மட்டும்தான். உள்ளூர்த் தானியம் என்று சொன்னால் மாப்பொருளைச் சீனியாக்கும் மோல்ட்டும் உள்ளூரிலேயே முளைத்திருக்கவேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அதற்குக் குரக்கன் இருக்கிறது. வேலை கூடும், மதுசாரம் கொஞ்சம் குறையும். என்றாலும் போத்தலில் எழுதுவது உண்மையாக இருக்கும்.

எந்தத் தானியத்தை எங்கிருந்து எடுப்பது?

சோளம்தான் முதுகெலும்பு. மகியங்கனை, பிபிலை, மொனராகலைப் பக்கம் பெரும்போக மழையோடு விதைத்து, ஆண்டின் தொடக்க மாதங்களில் அறுவடையாகும். மலையடிவாரத்திலிருந்து பண்டாரவளைக்கு லொறி ஏறிவருவது ஒரு நாள் வேலைதான். குரக்கனும் அதே பகுதிகளில் கிடைக்கும். வெலிமடை, வலப்பனைப் படிவயல்களின் நெல்லையும் சேர்க்கலாம். அரிசி வடிநீருக்கு மென்மை தரும், ஆனால் தனித்து நின்றால் சுவை மெலிந்துவிடும். நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குக்கு மேல் தேவையில்லை.

சேதன முறையில் சோளம் செய்வோருக்குப் பெரிய தலையிடி சேனா படைப்புழு. 2018இல் நாட்டுக்குள் வந்தது. முதல் மழையோடு பிந்தாமல் எல்லோரும் ஒரே காலத்தில் விதைப்பது, இலையில் முட்டைக் குவியலைக் கண்டதும் நசுக்குவது, குருத்துக்குள் மணலோ சாம்பலோ போடுவது, வேம்புக் கரைசல் தெளிப்பது ஆகியவையே கையிலுள்ள வழிகள். புழு குருத்துக்குள் ஆழமாக இறங்கியபின் எதைத் தெளித்தாலும் சேராது. முளைத்த முதல் ஐந்தாறு கிழமை வயலைப் பார்க்க ஆள் இருந்தால்தான் இந்தப் பயிர் தேறும். வடிசாலை விலை பேசும்போது இந்தக் கூலியையும் கணக்கில் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த போகத்துக்கு விவசாயி வரமாட்டார், வராமல் இருப்பதில் நியாயமும் உண்டு.

2021இல் இரசாயனப் பசளை இல்லாமல் செய்த வயல் சேதன வயல்தானே?

இல்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பசளை கிடைக்காமல் போனது ஒன்று, சேதன முறைக்கு மாறுவது இன்னொன்று. சான்றிதழுக்கு மாற்றக்காலம் வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகள் நிலம் சேதன முறையில் பராமரிக்கப்பட்டிருக்கவேண்டும். எந்தப் பாத்தியில் எப்போது என்ன போட்டார்கள் என்ற பதிவுப் புத்தகம், விதை எங்கிருந்து வந்தது என்ற பற்றுச்சீட்டு, ஆண்டுப் பரிசோதனை எல்லாம் அதில் அடங்கும்.

வெலிமடை, நுவரெலியா பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல் தட்டில் உருளைக்கிழங்கோ கோவாவோ இருந்தால் அங்கே அடிக்கும் மருந்து மழைநீரோடு கீழ் வயலுக்கு இறங்கும். நடுவே வேலிப் பயிரும், நீரைத் திருப்பும் கானும் இல்லாவிட்டால் பரிசோதனையில் தேறாது. தானியத்துக்காகப் புதிதாக நிலம் தேடுபவர்கள் மேலே அயல் வயல் இல்லாத துண்டைத் தேடுவது நல்லது.

வடிசாலைக்குள்ளும் சேதன விதி தொடரும். மரபணு மாற்றிய ஈஸ்ட்டோ நொதியமோ கூடாது. ஈஸ்ட்டுக்கு ஊட்டமாகச் செயற்கை அம்மோனியம் உப்பைச் சேர்க்குமுன் சான்றளிப்பவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். சேதனத் தானியமும் சாதாரணத் தானியமும் ஒரே ஆலையில் அரைபட்டால், இடையில் துப்புரவு செய்த பதிவு இருக்கவேண்டும்.

தானியத்தை எப்படிச் சேமிப்பது? மலையில் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறதே?

சோளம் 13 வீத ஈரத்துக்குக் கீழ் காய்ந்தபிறகுதான் மலை ஏறவேண்டும். அடிவாரத்து வெயிலில் காய்வது சுலபம். 15 வீத ஈரத்தோடு வந்த மூட்டையை மூடுபனிக் காலத்தில் காயவைக்கவே முடியாது. ஈரமானி ஒன்றை வாங்கி, லொறி வந்ததும் ஒவ்வொரு மூட்டையிலும் குத்திப் பாருங்கள். வண்டுக்காகப் பொஸ்பீன் குளிகை போடுவது சேதன விதிக்கு ஒவ்வாது. காற்றுப் புகாத உட்பையில் கட்டி வைத்தால், உள்ளிருக்கும் ஒட்சிசன் தீர்ந்து வண்டு தானாகவே சாகும். பையில் ஓர் ஊசித் துவாரம் இருந்தாலும் இந்த முறை பலிக்காது.

பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்லரொக்சின் நஞ்சு வடிநீரோடு ஏறாது என்பது உண்மை. அதைச் சொல்லிப் பழுதான சோளத்தை எடுக்கவேண்டாம். நஞ்சு முழுவதும் சக்கையில் தங்கும், சக்கை மாட்டுக்குப் போகும், அங்கிருந்து பாலுக்கு வரும்.

குரக்கன் மோல்ட் செய்வது எப்படி?

குரக்கனை நன்கு கழுவி, மிதக்கும் பதரை நீக்கி, 18 முதல் 24 மணிநேரம் ஊறவிடுங்கள். நடுவில் இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றவேண்டும். பிறகு வடித்து, ஈரச் சாக்கின்மேல் மூன்று நான்கு சென்ரிமீற்றர் கனத்தில் பரப்பி, மேலேயும் ஈரச் சாக்கால் மூடவேண்டும். 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மூன்று நாட்களில் முளை வரும். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் கிளறவேண்டும். கிளறாவிட்டால் அடியில் சூடேறி, வேர்கள் பின்னிக்கொண்டு, பூஞ்சணம் பிடிக்கும். புளிப்பு வாடை வந்தாலே அந்தத் தொகுதியைக் கைவிடுங்கள்.

நுவரெலியாக் குளிரில் முளைப்பு பாதியில் நின்றுவிடும். முளைகட்டும் வேலையை அடிவாரத்தில், தானியம் விளையும் ஊரிலேயே வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. அங்கே வெயிலும் உண்டு, நாலு பேருக்கு வேலையும் ஆகும். காயவைக்கும்போது வெப்பம் 50 பாகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நொதியம் செத்துவிடும், பிறகு அது வெறும் வறுத்த குரக்கன்தான். காய்ந்தபின் கையால் தேய்த்து, சுளகில் புடைத்து வேரை நீக்குங்கள். வேர் கசக்கும்.

குரக்கன் மோல்ட்டில் நொதிய வலு பார்லி மோல்ட்டின் அளவுக்கு இல்லை. அதனால்தான் கலவையில் அதற்கு 30 வீதம் கொடுக்கிறோம்.

100 கிலோ தானியத்தை எப்படிக் கூழாக்குவது?

சோளம் 70 கிலோ, குரக்கன் மோல்ட் 30 கிலோ, தண்ணீர் 400 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சோளத்தை மெல்லிய குறுணலாக அரைக்கவேண்டும். முழு மாவாக்கினால் கட்டி தட்டும்.

330 லீற்றர் தண்ணீரை 55 பாகைக்குச் சூடாக்கி, சோளக் குறுணலை விடாமல் துழாவிக்கொண்டே தூவுங்கள். அதோடு மோல்ட்டில் 3 கிலோவையும் முதலிலேயே போடவேண்டும். சோளம் இறுகும்போது கூழை இளக்கிக்கொடுப்பது இதுதான். இதை மறந்தால் 70 பாகையில் துழாவி அசையாது, அடி பிடிக்கும். மெதுவாக 90 பாகைக்கு ஏற்றி ஒரு மணிநேரம் வைத்திருங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், ஆகவே 90 பாகையில் கூடுதல் நேரம் வைப்பதே வழி.

மீதி 70 லீற்றர் குளிர்ந்த தண்ணீரையும் விட்டு, குளிர்ச்சுருளால் 64 பாகைக்கு இறக்கி, மிச்ச 27 கிலோ மோல்ட்டைப் போடுங்கள். பி.எச். 5.2 முதல் 5.4 வரை இருக்கவேண்டும். ஒன்றரை மணிநேரம் கழித்து ஒரு சொட்டுக் கூழைப் பீங்கானில் விட்டு அயடீன் சொட்டிப் பாருங்கள். கருநீலம் தெரிந்தால் மாப்பொருள் இன்னும் மிச்சம், அரைமணி கூட வையுங்கள். 68 பாகைக்கு மேல் இருக்கும்போதே மோல்ட்டைக் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அப்போது நொதியம் அழிந்து, பாதிச் சீனியோடு நின்றுவிடும்.

சோளத்துக்கும் குரக்கனுக்கும் வடிகட்டி நிற்கும் உமி கிடையாது. தெளிநீரைப் பிரிக்க விரும்பினால் சேதன நெல்லின் உமியை 4, 5 கிலோ கழுவிப் போடுங்கள். பிரிக்காமல் சக்கையோடு நொதிக்கவிட்டால் மதுசாரம் சற்றுக் கூடும், ஆனால் அந்தக் கலவையை நேரடித் தீயில் வைத்த வாலையில் (வடிக்கும் பாத்திரத்தில்) வடிக்கமுடியாது. அடியில் கருகிய வாடை கடைசிப் போத்தல்வரை நீங்காது. நீராவி உறையுள்ள வாலை இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

பீலித் தண்ணீர் போதுமா?

சுவைக்கு நல்லது, சுத்தமென்று பரிசோதனையில் தெரிந்தபின். மலையகத்துப் பாறை பெரும்பாலும் சுண்ணாம்பு குறைந்தது, அதனால் தண்ணீர் மென்மையானது. நொதியத்துக்கும் ஈஸ்ட்டுக்கும் கல்சியம் வேண்டும். கல்சியம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவு வரும்படி ஜிப்சம் சேர்த்தால் கூழ் சீராக நடக்கும். பீலிக்கு மேலே தேயிலை இருந்தால் களைகொல்லி எச்சத்துக்கும் பரிசோதியுங்கள்.

வடிக்கும்போது குளிர்விக்கும் தண்ணீர்தான் அதிகம் போகும். ஒரு லீற்றர் வடிநீருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 லீற்றர். பெப்ரவரி, மார்ச்சில் பீலி மெலிந்து, லயத்துக் குடும்பங்களே குடத்தோடு காத்திருக்கும்போது வடிசாலை அந்தத் தண்ணீரை இழுக்கக்கூடாது. தொட்டியில் தேக்கி, இரவுக் குளிரில் ஆறவைத்துத் திரும்பச் சுழற்றும்படி முதலிலேயே அமைத்துவிடுங்கள்.

நொதிப்பு பாதியில் நிற்கிறதே, ஏன்?

பெரும்பாலும் குளிர். 28 பாகையில் ஈஸ்ட் போட்ட தொட்டி, இரவில் 14 பாகைக்கு இறங்கும் அறையில் மூன்றாம் நாள் தூங்கிவிடும். தொட்டியைச் சுற்றிப் போர்வை கட்டி, 26 முதல் 31 பாகைக்குள் வைத்திருங்கள். லீற்றருக்கு முக்கால் கிராம் உலர் ஈஸ்ட் போதும். தொடக்க அடர்த்தி 1.060 அளவில் இருந்தால், மூன்று நான்கு நாட்களில் 1.000 பக்கம் வரும். அப்போது மதுசாரம் சுமார் 8 வீதம்.

இரண்டாவது காரணம் புளிப்பு. இலற்றிக் பற்றீரியா முந்திக்கொண்டு பி.எச். 3.5க்குக் கீழ் போனால் ஈஸ்ட் களைத்துவிடும். கடைசிப் பகுதியில் இலேசாக அது வருவது சுவைக்கு நல்லது. முதல் நாளே வந்தால் குழாய், வால்வு இணைப்புகளில் அழுக்குத் தங்கியிருக்கிறது என்று அர்த்தம், கழற்றிக் கழுவுங்கள்.

வடிக்கும்போது எங்கே வெட்டுவது? வெப்பமானி கைநூலோடு ஒத்துவரவில்லையே?

ஒத்துவராது. பண்டாரவளை உயரத்தில் தண்ணீரின் கொதிநிலை சுமார் 96 பாகை, ஆவியின் வெப்பநிலைகளும் அதே கணக்கில் சுமார் 4 பாகை இறங்கும். நுவரெலியாவில் 6 பாகை. கைநூல் வெப்பநிலையைப் பார்த்து வெட்டினால் (பகுதி பிரித்தால்), கடைசியில் வரும் வால் சரக்கு, பீப்பாய்க்கு எடுக்கும் நடுச்சரக்கில் கலந்துவிடும். மதுசாரமானி, மூக்கு, நாக்கு இவற்றைக் கொண்டு வெட்டுங்கள். மதுசாரமானியும் 20 பாகைக்கு அளவிடப்பட்டது. வடிநீர் 28 பாகையில் இருந்தால் உண்மையைவிட இரண்டு, மூன்று வீதம் கூடக் காட்டும்.

முதல் வடிப்பில் வெட்டு இல்லை. வாலையில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், குரக்கன் நுரைக்கும். வடிநீர் 1 வீதத்துக்கு இறங்கும்வரை ஓடவிட்டால், 100 கிலோத் தொகுதியில் 25 வீத அளவில் 120 முதல் 140 லீற்றர் கிடைக்கும்.

இரண்டாம் வடிப்பை மிக மெதுவாக ஓட்டுங்கள். முதல் ஒன்றரை, இரண்டு லீற்றரை எறிந்துவிடவேண்டும். நகச்சாயம் போல் மணக்கும் அடுத்த நான்கைந்து லீற்றரைத் தலைச்சரக்காக ஒதுக்குங்கள். மணம் தெளிந்து, சோளத்தின் இனிப்பு வரும்போது நடுச்சரக்கு தொடங்குகிறது, அப்போது வலு 75 வீதம் பக்கம் இருக்கும். 60, 62 வீதத்தில் ஈரச் சாக்கு வாடை தலைகாட்டும். அது வருமுன் வெட்டுங்கள். 30 லீற்றர் அளவு நடுச்சரக்கு கிடைக்கும். மிகுதியை அடுத்த தொகுதியின் இரண்டாம் வடிப்பில் சேர்க்கலாம். பத்து லீற்றர் கூட வருமென்று வெட்டைத் தள்ளிப்போடுவது பெரிய இழப்பு, அந்த வாடையைப் பீப்பாய் நீக்கித்தராது.

வாலை ஏன் செம்பாக இருக்கவேண்டும் என்றால், ஈஸ்ட் உண்டாக்கும் கந்தகச் சேர்வைகளைச் செம்பு பிடித்துவைக்கும். செம்பு அழுக்கேறினால் வடிநீர் அவித்த கோவா போல் மணக்கும். ஒவ்வொரு வடிப்புக்குப் பின்னும் சிற்றிக் அமிலக் கரைசலால் கழுவுங்கள்.

60 வீத வடிநீர் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியை விடும். கொதிகலன் அடுப்பு தனி அறையில் இருக்கவேண்டும், வடிக்கும் அறையில் ஆவி தேங்காமல் தரை மட்டத்தில் காற்றோட்டம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வாலையை விட்டு ஆள் நகரக்கூடாது. குளிர்நீர் நின்றால் ஆவி நேரே அறைக்குள் வரும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

கூடாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டப்படி உரிமம் இல்லாமல் மது வடிப்பது குற்றம், அளவு சிறிதானாலும் குற்றம்தான். மதுவரித் திணைக்களத்தின் உரிமம், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், பிரதேச சபை அனுமதி எல்லாம் கைக்கு வந்தபிறகுதான் வாலைக்குத் தீ மூட்டலாம்.

கசிப்பும் இதுவும் ஒன்றுதானே, மெதனோல் வராதா?

தானியத்தில் பெக்ரின் குறைவு, ஆகவே நொதிப்பில் மெதனோல் மிகச் சொற்பமே உண்டாகும். கூட்டமாக உயிர் பறிக்கும் மெதனோல் பெரும்பாலும் தொழிற்சாலை மதுசாரத்தைக் கலப்பதால் வருவது. கசிப்பில் வேறு ஆபத்துகளும் உண்டு: ஈயப் பற்றாசு வைத்த குழாய், கண்ட பீப்பாய், தலையும் வாலும் வெட்டாத வடிப்பு. தோட்டங்களில் மதுவால் குடும்பங்கள் படும் பாட்டை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது சரியே. உரிமமும் ஆய்வுகூடச் சோதனையும் மதுவைத் தீங்கற்றதாக்கிவிடாது. மது மதுதான். வடிசாலையில் வேலை செய்வோருக்குச் சம்பளத்தின் பகுதியாகப் போத்தல் கொடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது.

ஹல்மில்ல மரப் பீப்பாய் பாவிக்கலாமா?

தென்னஞ்சாராயத்தை முதிரவைக்க இங்கே நெடுங்காலமாகப் பாவிப்பது ஹல்மில்ல மரத் தொட்டிகள்தான். நல்ல மரம், ஒழுகாது. ஐரோப்பிய விதி 700 லீற்றருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் மூன்று ஆண்டுகள் என்று மட்டும் கேட்கிறது. ஸ்கொட்லாந்து விதிக்கு ஓக் கட்டாயம். எங்கள் ஆலோசனை: பெரும்பகுதியை 200 லீற்றர் பழைய போர்பன் ஓக் பீப்பாயில் 60 முதல் 63 வீதத்தில் இடுங்கள், ஒன்றிரண்டை ஹல்மில்லவில் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவைத்துப் பாருங்கள். 20 லீற்றர் குட்டிப் பீப்பாய்கள் ஓராண்டிலேயே மரக் கசப்பை ஏற்றிவிடும், ஆனால் வடிநீர் முதிர்ந்திருக்காது.

கப்பலில் காய்ந்து வந்த பீப்பாயில் நேரே வடிநீரை ஊற்றாதீர்கள். வெந்நீரால் நிரப்பி இரண்டு நாள் ஊறவிட்டால் பலகைகள் உப்பி இடைவெளி அடையும்.

எவ்வளவு ஆவியாகும்?

ஸ்கொட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 வீதம், பெங்களூரில் 10 முதல் 12 வீதம். மலையகம் இரண்டுக்கும் இடைப்பட்டது. திட்டத்துக்கு 5 வீதம் என்று வைத்தால், 200 லீற்றர் நான்கு ஆண்டில் 163 ஆகும்.

பலரும் கவனிக்காதது, எந்தப் பக்கச் சரிவு என்பது. ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுகிறது. பீப்பாயிலிருந்து அப்போது தண்ணீர் கூடுதலாகப் போகும், வலு இறங்காமல் நிற்கும் அல்லது ஏறும். அதே மாதங்களில் நுவரெலியா, ஹற்றன் பக்கம் மழையும் மூடுபனியும். ஈரக் காற்றில் தண்ணீர் வெளியேறாது, மதுசாரம்தான் போகும், வலு மெல்ல இறங்கும். ஆகவே ஒரு பக்கத்துக் கணக்கை மறுபக்கத்துக்கு எடுக்கமுடியாது. ஈரப்பக்கத்தில் 63 வீதத்திலும், ஊவாவில் 60 வீதத்திலும் நிரப்புவது பொருத்தம். தகரக் கூரைக்குக் கீழ் மேல்தட்டில் வைத்த பீப்பாய் வேகமாகக் காயும், ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

தண்ணீர் சேர்த்ததும் கலங்குகிறது, பழுதா?

பழுதல்ல. 46 வீதத்துக்குக் கீழ் இறக்கும்போது நீண்ட கொழுப்பமில எஸ்ரர்கள் குளிரில் பிரிந்து கலங்கும். நுவரெலியா இரவில் இது அப்படியே தெரியும், கொழும்பில் தெளிந்துவிடும். 46இல் போத்தலிட்டால் பிரச்சினையே இல்லை. 43க்கு இறக்குவதானால், 60 வீத விஸ்கி 100 லீற்றருக்கு உப்பு நீக்கிய தண்ணீர் சுமார் 41 லீற்றர் வேண்டும். இரண்டும் கலக்கும்போது கனவளவு சுருங்குவதால் கூட்டல் கணக்கு சரிவராது. ஒரே நாளில் ஊற்றாமல், சில கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

சக்கையையும் கழிவுநீரையும் என்ன செய்வது?

சக்கை நல்ல மாட்டுத்தீனி. ஈரமாக இருப்பதால் இரண்டு நாளுக்குள் பண்ணைக்குப் போகவேண்டும், அதற்குமேல் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். முதல் வடிப்பில் வாலையில் மிஞ்சும் நீர் அமிலமானது, செம்பும் கலந்தது. ஓடையில் விட்டால் அதிலுள்ள சேதனப் பொருள் ஒட்சிசனைத் தின்று மீனைக் கொல்லும். இங்குள்ள ஓடைகளில் பெரும்பாலானவை மகாவலிக்கோ களனிக்கோ உமா ஓயாவுக்கோ போகின்றன, கீழே அதைக் குடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். சுண்ணாம்பால் அமிலத்தைத் தணித்து, உலர்ந்த இலைதழையோடு கூட்டெருவாக்குங்கள். செம்பு அளவைச் சோதித்தபின்பே அது வயலுக்குத் திரும்பலாம்.

ஒரு போத்தலுக்கு எவ்வளவு தானியம்? எப்போது விற்கலாம்?

43 வீதத்தில் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றுக்கு, வெட்டும் ஆவியும் கழித்து, ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ தானியம். அந்தத் தானியத்துக்கு இன்று கொடுத்த காசு குறைந்தது மூன்று ஆண்டுக்குத் திரும்பாது. நான்கு போகத்துத் தானியத்துக்கும் கூலிக்கும் கையில் பணமில்லாமல் தொடங்கவேண்டாம், விவசாயிக்குக் கடன் சொல்லி நடத்தவும் வேண்டாம்.

விளம்பரம் செய்யலாமா?

முடியாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடைசெய்கிறது, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடைசெய்கிறது. போயா தினங்களில் விற்பனை இல்லை. போத்தலின் லேபலில் தானியத்தின் பெயர், விளைந்த ஊர், அறுவடை ஆண்டு, பீப்பாய் வகை ஆகியவற்றைச் சரியாக எழுதுங்கள். சான்றிதழ் இலக்கம் இல்லாமல் 'சேதன' என்று போடவேண்டாம்.